கூற்று யாருடையது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பகுதி ஒன்று தமிழ்த் தேர்வில் நம் எல்லோருக்கும் பழக்கமான வினா ஒன்று உண்டு. ஓர் அடியைக் கொடுத்து, 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்பார்கள். 'இது தோழி கூற்று. செவிலித்தாய்க்குக் கூறியது' என்று எழுதிவிட்டால் பாதி மதிப்பெண் கைக்கு வந்துவிடும். வேதியியல் சமன்பாடுகளைப் போலவே இதையும் மனப்பாடம் செய்து எழுதித் தேறியவன் நான். ஆனால் தேர்வு முடிந்த பின்பும் அந்த வினா என்னை விட்டு அகலவில்லை. இலக்கியத்தில் பேசுகிறவர் யார்? பேச வைக்கிறவர் யார்? பேச வைக்கிறவர், பேசுகிறவரின் வாயில் எந்தத் தமிழை வைக்கிறார்? 'செடியையும் கொடியையும் படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு அதற்கொரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பழைய இலக்கியத்தைப் பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. பாத்திரத்தைப் பேசவிட்டு, தாம் பின்னே மறைந்து நிற்கிறார். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அத்தனை அடிகளும் தோழி செவிலித்தாயிடம் பேசுகிற பேச்சுத்தான். தலைவியின் மெலிவுக்குக் காரணம் நோயன்று, காதலே என்பதைத் தாய் மனம் நோகாதபடி அவள் எடுத்துச் சொல்கிறாள். எங்கள் துறை மாணவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த 99 பூக்களின் வரிசையும் தோழியின் பேச்சில்தான் வருகிறது. தானும் தலைவியும் பறித்துப் பாறையில் குவித்த பூக்களை அவள் ஒவ்வொன்றாக நினைத்துச் சொல்கிறாள். ஆண்மகனாகிய கபிலர், ஒரு பெண்ணின் அச்சத்தையும் அறிவையும் அவள் நிலையில் நின்றே பேசியிருக்கிறார்.

இப்படி அகத்திணையில் யார் யார் பேசலாம் என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுத்துச் சொல்கிறது. களவொழுக்கத்தில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி ஆகிய 6 பேர் பேசலாம். கற்பொழுக்கத்தில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என மேலும் 6 பேர் சேர்ந்து பன்னிருவராவர். அடுத்து இலக்கணம் இன்னொரு பட்டியலையும் தருகிறது. ஊரார், அயலார், சேரியோர் எனப்பட்ட தெருவார், நோயின் காரணம் அறிவோர், தந்தை, தமையன்மார் ஆகியோருக்கு அங்கே சொந்தக் கூற்று இல்லை. அவர்கள் இவ்வாறு சொன்னார்கள் என்று மற்றவர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே.

இதை வகுப்பில் கேட்ட அன்று இரண்டு செய்திகள் என் மனத்தில் பதிந்தன. பேச உரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு இலக்கியத்தில் மிகப் பழைமையானது என்பது ஒன்று. பேச உரிமை பெற்ற பன்னிருவரும் ஒரே தமிழைத்தான் பேசுகிறார்கள் என்பது மற்றொன்று. தலைவனுக்கு ஒரு தமிழ், பாணனுக்கு ஒரு தமிழ் என்று புலவர் பிரிக்கவில்லை. வடமொழி நாடகத்தில் நிலைமை வேறு. காளிதாசரின் சாகுந்தலத்தில் அரசன் துஷ்யந்தன் சமஸ்கிருதம் பேசுகிறான். சகுந்தலையும் அவள் தோழியரும் பிராகிருதம் பேசுகிறார்கள். மோதிரத்தோடு பிடிபடும் மீனவனும் பிராகிருதமே பேசுகிறான். வாயைத் திறந்தவுடனே இன்னார் எந்தப் படியில் நிற்கிறார் என்று அவையோருக்குத் தெரிந்துவிடும். நம் அகப்பாடலில் வாயில் வேண்டி வந்த பாணனின் பேச்சும் தலைவியின் பேச்சும் மொழியால் ஏற்றத்தாழ்வு கொள்வதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. தமிழ் நாவல் அங்கே தொடங்குகிறது. அதன் பிறகு சிறுகதையும் வளர்ந்தது. தொல்காப்பியர் வெளியே நிறுத்திய தந்தையும் தமையனும் உள்ளே வந்தார்கள். ஊராரும் தெருவாரும் வந்தார்கள். உழவர் வந்தார், வண்டி ஓட்டுபவர் வந்தார், வீட்டு வேலை செய்பவர் வந்தார். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாயிற்று. இது உரைநடை நமக்குத் தந்த பெரும் விடுதலை. ஆனால் பழைய வேலி பிடுங்கப்பட்ட இடத்தில் புதிதாக ஒரு வேலி முளைத்துவிட்டது என்பது என் எண்ணம். அது மொழியினால் ஆன வேலி.

நாம் படிக்கிற எத்தனையோ கதைகளை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன், 'நான் நாளை வருகிறேன்' என்பான். வக்கீலும் டாக்டரும் அப்படியே பேசுவார்கள். அதே பக்கத்தில் அவர்கள் வீட்டு வேலைக்காரி, 'நா நாளிக்கு வாரேம்மா' என்பாள். இதில் உண்மை எவ்வளவு? தமிழர் யாரும் வீட்டில் எழுதுவது போலப் பேசுவதில்லை. வகுப்பில் செந்தமிழ் பொழியும் எம் பேராசிரியப் பெருமக்களும் தம் அறைக்குள் போனால், 'சாப்டாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். நம் மொழி இரட்டை வழக்கு உடையது. எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரண்டும் எல்லோருக்கும் உண்டு. கதை எழுதுகிறவர் பணம் உள்ளவனுக்கு எழுத்து வழக்கையும் இல்லாதவளுக்குப் பேச்சு வழக்கையும் பிரித்துக் கொடுத்தால், இயல்பை எழுதியவர் ஆகமாட்டார். நாற்காலியை ஒருவருக்கும் தரையை மற்றவருக்கும் காட்டியவரே ஆவார்.

இதைவிட முக்கியமான கேள்வி, வட்டாரப் பேச்சுப் பேசும் பாத்திரம் எதைப் பேச அனுமதிக்கப்படுகிறது என்பது. அவர் அழலாம், சாபமிடலாம், பசிக்கிறது என்று சொல்லலாம், வேடிக்கை பேசிச் சிரிக்க வைக்கலாம். ஐயப்படுவதற்கும், வாதிடுவதற்கும், ஒரு முடிவை எண்ணிப் பார்த்து எடுப்பதற்கும் அவருக்கு வரிகள் கிடைப்பதில்லை. கதையில் சிந்திக்க வேண்டிய கட்டம் வந்ததும், அந்த வேலையைச் செந்தமிழ் பேசும் இன்னொருவர் ஏற்றுக்கொள்கிறார். அல்லது அதுவரை கொச்சை பேசியவரே திடீரென்று மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்.

இக்குற்றத்தைப் பிறர் மீது சுமத்துமுன் என் மீதே சுமத்திக்கொள்கிறேன். முதலாண்டில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். விசைத்தறிக் குடோனில் வேலை செய்யும் பெண்ணொருத்தி முதலாளியிடம் கூலி உயர்வு கேட்பதே கதை. அந்தப் பெண் என் தாய்தான். தார் சுற்றுவது முதல் தறி ஓட்டுவது வரை எல்லா வேலையும் அறிந்தவர். அவர் முதலாளியிடம் பேசியதை நேரில் நின்று கேட்டிருக்கிறேன். 'இருவது வருசமா இந்தத் தறியத்தானுங்க ஓட்டறேன். நூல் அந்து போனா நாங்க முடிச்சுப் போட்டுக்கறோம். நாங்க அந்து போனா ஆருங்க முடிச்சுப் போடறது?' என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. முதலாளி பதில் சொல்லாமல் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கதையில் நான் என்ன செய்தேன்? தொடக்கத்தில் நாலைந்து இடங்களில் அவரை எங்கள் ஊர்ப் பேச்சே பேசவிட்டேன். சோறு பொங்கும்போதும், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையிடும்போதும் அந்தப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. உச்சக்கட்டம் வந்ததும் என் பேனா மாறிக்கொண்டது. 'இருபது ஆண்டுகளாக என் உழைப்பை உறிஞ்சிய உங்களிடம் நான் கேட்பது பிச்சையன்று; உரிமை!' என்று முழங்க வைத்தேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது கைதட்டல் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் வீட்டிற்குப் போய் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர் அந்த இடத்தில் என்னை நிறுத்தி, 'இவ ஆரு கண்ணு, டீச்சராட்டப் பேசறா?' என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே யார் என்று தெரியாமல்தான் கேட்டார். தம் கதையில் தம் வாழ்வின் மிகப் பெரிய கணத்தில் தம்மைக் காணாமல் கேட்டார். அப்படி எழுதச் சொல்லி ஆசிரியர் எவரும் என்னை வற்புறுத்தவில்லை. எங்கள் பேச்சு சண்டைக்கும் சமையலுக்கும் போதும், நியாயம் கேட்கப் போதாது என்று எனக்குள்ளேயே ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். வந்த சில மாதங்களிலேயே அந்த எண்ணமும் கூடவே வந்துவிட்டது போலும்.

என் கருத்துக்கு மாறான கருத்துகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. டாக்டர் மு. வரதராசனாரின் நாவல்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழை ஒட்டியே பேசுகின்றன. அதனால் கன்னியாகுமரி வாசகரும் யாழ்ப்பாண வாசகரும் தடையின்றிப் படிக்க முடிகிறது. மொழியால் எந்தப் பாத்திரமும் தாழ்த்தப்படுவதில்லை. கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிச் சிவாஜி கணேசன் நடித்த 'பராசக்தி' 1952-இல் வெளிவந்தது. அதன் நீதிமன்ற வசனத்தைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். புலவர்க்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்ட அடுக்குத் தமிழைத் தெருவில் நின்றவரும் தம்முடையதாக்கிக்கொண்டார். அதுவும் ஒரு விடுதலையே. எல்லோருக்கும் ஒரே உயர்ந்த தமிழ் என்பது சங்கப் புலவர் காட்டிய வழியும்கூட. படைப்பு முழுவதும் எல்லோரும் அப்படிப் பேசினால் எனக்கு மறுப்பு இல்லை. சிலருக்கு மட்டும் அதைக் கொடுத்து, சிலருக்கு மறுப்பதைத்தான் மறுக்கிறேன்.

'வட்டாரப் பேச்சை எழுதினால் பிற வட்டாரத்தாருக்கு விளங்காதே' என்பது இன்னொரு தடை. செடிக்குச் செடி லத்தீன் பெயரைப் பிழையின்றி மனப்பாடம் செய்கிற நமக்கு, பக்கத்து மாவட்டத்துச் சொல் பத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாடா? தொல்காப்பியமே உலக வழக்கையும் செய்யுளையும் ஒருசேர ஆராய்ந்து செய்யப்பட்ட நூல். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களையும் 'திசைச்சொல்' என்று பெயரிட்டுச் செய்யுளுக்குள் அனுமதித்த இலக்கணம் அது. அத்தகைய மொழியில் வட்டாரச் சொல்லைத் தீட்டு என்று ஒதுக்குவது மரபாகாது.

ஒதுக்காமல் எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்த நாவல். கணவனை இழந்த ஒரு கொங்கு நாட்டுப் பெண், கூட்டுக் குடும்பத்து நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். சொத்துரிமை என்னும் கடினமான வழக்கு அங்கே கொங்குப் பேச்சிலேயே நடக்கிறது. நியாயமும் பேராசையும் ஐயமும் அச்சமும் எல்லாம் அந்தப் பேச்சுக்குள் அடங்குகின்றன. நூலகத்தில் அதைப் படித்தபோதுதான் என் கதையில் நான் இழந்தது என்ன என்று புரிந்தது. பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளி அழகிரியின் வாழ்வு, கரிசல் காட்டு மக்களின் உரையாடல்களாலேயே பெரிதும் நகர்கிறது. ஆசிரியர் இடையில் புகுந்து அம்மக்களுக்காக வாதாடுவதில்லை. அவர்களே பேசிக்கொள்கிறார்கள், நாம் கேட்கிறோம்.

கி. ராஜநாராயணன் இன்னும் ஒரு படி மேலே போனார். பாத்திரத்தின் பேச்சுக்கும் கதை சொல்பவரின் நடைக்கும் நடுவே இருந்த சுவரையே அவர் இடித்தார். கதை சொல்லும் ஆசிரியரும் கரிசல் மண்ணின் பேச்சையே பேசினார். விளங்காதே என்றவர்களுக்கு விடையாக 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தொகுத்தார். 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதில் தம் மக்களின் பேச்சிலேயே ஆசிரியர் தம் வாழ்வைச் சொல்கிறார். அதிலேயே கேள்வி கேட்கிறார். அதிலேயே கோபம் கொள்கிறார். கொண்டெடுத்து மொழிய இன்னொருவர் அங்கே தேவைப்படவில்லை.

என் கதையில் செய்த இன்னொரு தவற்றையும் சொல்ல வேண்டும். அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் வருகிறான். அவனை 'நம்பள் சாப்பாடு இல்லே' என்று பேச வைத்திருந்தேன். வகுப்பில் அதிகமாகச் சிரித்தது அந்த இடத்தில்தான். உண்மையில் அப்படி ஓர் இளைஞன் அம்மாவின் குடோனிலேயே இருக்கிறான். இரவு வேலையின் நடுவே அவன் செல்பேசியில் தன் தாயோடு பேசுவான். ஒரு சொல்லுக்கும் தயங்குவதில்லை. அவன் சொல்லும் எதற்கோ அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவனுடைய தமிழ்தான் உடைந்தது. அவனுடைய மொழி உடைந்ததன்று. நமக்குத் தெரிந்த உடைந்த பாதியை மட்டும் எழுதி அதுவே அவன் என்று காட்டினேன். என் தாயின் பேச்சை நகரத்தார் எழுதினால் எனக்குக் கோபம் வருமென்றால், அவனுடைய பேச்சை நான் எழுதியதற்கு அவனுக்கும் கோபம் வர நியாயம் உண்டு. இன்று அக்கதையை மறுபடி எழுதினால், அவன் தன் தாயோடு பேசும் காட்சியையும் வைப்பேன். அந்தப் பேச்சைக் குறையில்லாத தமிழில் எழுதுவேன்.

ஆகவே கதையும் நாடகமும் எழுதும் மாணவ நண்பர்களுக்கு எனக்குத் தோன்றிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பேச்சு வழக்கில் எழுதுவதானால் எல்லோருக்கும் எழுதுங்கள். முதலாளியும் மருத்துவரும் பேசுவதையும் காதால் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, எழுத்தை உடைத்து உடைத்து எழுதினால் வட்டார வழக்கு வந்துவிடாது. நாலு இடத்தில் 'ங்க' சேர்த்தால் அது கொங்குத் தமிழும் ஆகாது. சொல்லின் தேர்வும், வாக்கியம் போகும் போக்கும், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதும் சேர்ந்ததே ஒருவருடைய பேச்சு. மூன்றாவது, கதையில் மிகவும் கடினமான எண்ணம் எதுவோ, அதைப் படிக்காத பாத்திரம் தன் சொந்தப் பேச்சில் சொல்ல முடியுமா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். முடியவில்லையென்றால், நாம் இன்னும் சரியாகக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்று பொருள்.

மலர்க் குழுவில் உள்ள பேராசிரியர்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும், 'படைப்புகள் பிழையற்ற தமிழில் இருத்தல் வேண்டும்' என்று எழுதப்படுகிறது. அது சரியானதே. ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையும் திருத்தப்பட வேண்டும். எனக்கு அவை நிறைய வரும். ஆனால் மேற்கோள் குறிக்குள் ஒரு தாயோ தந்தையோ பேசும்போது, 'ஆரு' என்பதை 'யார்' என்று திருத்த வேண்டாம். அது அச்சுப்பிழையன்று. அந்த ஒரு சொல்லைத் திருத்தும்போது, பேசுகிறவரையே எழுப்பி அனுப்பிவிட்டு அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிடுகிறோம்.

இந்தக் கல்லூரியில் என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் பெற்றோர் பேசியதை இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் பிறர்தாம். இனி எழுதும் வாய்ப்பு நமக்கு வந்திருக்கிறது. எழுதி முடித்ததும் தேர்வு வினாவை நமக்கு நாமே ஒருமுறை போட்டுக்கொள்வோம்: இக்கூற்று யாருடையது? பிறகு, யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கே படித்துக் காட்டுவோம். என் கதையின் அந்தக் கட்டத்தை இப்போது திருத்தி எழுதியிருக்கிறேன். அம்மா முதலாளியிடம் கேட்ட கேள்வியை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். வரும் விடுமுறையில் படித்துக் காட்ட வேண்டும்.